மொறிஸ் மைனர் 1000: மழை விட்டாலும் காலடியில தண்ணி, எங்கால வருது?

நீலமைனர் (யாழ்ப்பாணம்)

வணக்கம். வண்டி 1964 மொறிஸ் மைனர் 1000, நாலு கதவு, 1098 சிசி எஞ்சின். மாரி தொடங்கினதில இருந்து உள்ளுக்குத் தண்ணி நிக்குது.

இரவு முழுக்க மழை பெய்தால் விடிய இடது பக்க முன் காலடியில ஒரு விரல் தடிப்புக்குத் தண்ணி. வண்டி ஓடாமல் வீட்டு முற்றத்தில நிக்கேக்கையே இது நடக்குது. வலது பக்கம், ட்றைவரின்ர காலடி, நிக்கிற மழைக்கு நனையிறதில்லை. ஆனால் வெள்ளம் தேங்கின றோட்டில ஓடிப்போட்டு வந்தால் காபெற் சொதசொதவெண்டு இருக்கும். பின் சீற்றுக்குக் கீழ இடது மூலையில எப்பவும் ஈரம். டிக்கிக்குள்ள பெற்றோல் டாங்கியின்ர விளிம்பைச் சுத்தி மண் நிறத்தில ஒரு கறை படிஞ்சிருக்கு.

இதுவரைக்கும் செய்தது முன் கண்ணாடி றபரைச் சுத்தி வெளியால சிலிக்கன் பூசினது மட்டும்தான். ஒரு மாற்றமும் இல்லை. கராஜில எல்லா றபரையும் ஒரேயடியா மாத்தச் சொல்லுகினம். செற்றை வெளிநாட்டில இருந்துதான் எடுப்பிக்க வேணும், சின்னக் காசு இல்லை. அதுக்கு முதல் தண்ணி எங்கால வருது எண்டு சரியாப் பிடிக்க வழி இருக்கோ? எதை முதல் பாக்கிறது?

தகரக்கை (வவுனியா)

தம்பி, நீங்கள் எழுதினதுக்குள்ளயே பாதி விடை இருக்கு. இது ஒரு ஒழுக்கு இல்லை, குறைஞ்சது மூண்டு. எல்லாத்தையும் ஒண்டெண்டு நினைச்சுத் தேடினால் ஒண்டும் பிடிபடாது.

நிக்கிற வண்டிக்குள்ள தண்ணி வந்தால் அது மேலால வருது. கண்ணாடி, வைப்பர் தண்டு, பற்றறித் தட்டு, கூரைப் பீலி, கதவு, இவையளுக்குள்ள ஒண்டு. ஓடேக்க மட்டும் வந்தால் அது சில்லு அடிக்கிற தண்ணி, கீழால வருது. அப்ப கண்ணாடியை விட்டுப்போட்டு நிலத்தகட்டையும் மட்காட்டையும் பாருங்கோ. மழையே இல்லாத நாளிலயும் ஈரமெண்டால் மழைத்தண்ணியே இல்லை. ஹீற்றர் பூட்டின வண்டியில றேடியேற்றர் தண்ணி கசியலாம், விரலில தொட்டால் வழுக்கும், கூலன்ற் விட்டிருந்தால் இனிப்பு மணம் வரும். ட்றைவர் பக்கம் பெயின்ற் கொப்பளிச்சு உரிஞ்சிருந்தால் அது பிறேக் ஒயில். மைனரின்ர பிறேக் மாஸ்டர் சிலிண்டர் ட்றைவரின்ர காலுக்குக் கீழ, நிலத்துக்கு அடியில போற பெட்டிச் சட்டத்துக்குள்ள இருக்கு. அங்க ஈரமெண்டால் முதல் பிறேக்கைப் பாருங்கோ, மற்றதெல்லாம் பிறகு.

இனிச் சோதனை. காபெற், அடிச் சணல் விரிப்பு, கதவுக்கு முன்னால காலுக்குப் பக்கத்தில இருக்கிற மட்டை, எல்லாத்தையும் கழட்டுங்கோ. வெறுந் தகரம் தெரிய வேணும். சீலையால ஒத்தி நல்லாக் காய விடுங்கோ. பழைய பேப்பரை நாலு விரல் அகலத்துக்குக் கிழிச்சு டாஷ்போட்டுக்குக் கீழ, கதவுத்தூண் ஓரமா, நிலத்து மூலைகளில மாஸ்கிங் ரேப்பால ஒட்டுங்கோ. காஞ்ச பேப்பரில ஒரு துளி விழுந்தாலும் கறுத்துக் காட்டும். ஒருத்தர் உள்ளுக்கு ரோச் லைற்றோட மல்லாக்கப் படுக்க வேணும், ஒருத்தர் வெளியில ஹோஸ் பிடிக்க வேணும்.

ஹோஸில வாய் பூட்டாதேங்கோ. மழை மாதிரி சும்மா வழிஞ்சால் காணும். சேர்விஸ் ஸ்ரேசன் பிறஷர் தண்ணி அடிச்சால் நல்ல றபருக்குள்ளாலயும் போகும், பிறகு இல்லாத ஒழுக்குக்கு மருந்து தேடுவியள். கீழ இருந்து மேல போங்கோ, இதை மட்டும் மாத்தாதேங்கோ. மேல இருந்து தொடங்கினால் வழியிற தண்ணி எல்லா இடத்தையும் நனைச்சுப் போடும், எது குற்றவாளி எண்டு தெரியாது. முதல் முன் மட்காட்டின்ர பின் முனையும் கதவுத்தூணும் சேருற இடம், பிறகு கதவின்ர கீழ்ப்பாதி, பிறகு பொனற்றின்ர பின் விளிம்பு, வைப்பர் தண்டு ரெண்டும், அதுக்குப் பிறகு கண்ணாடியின்ர கீழ் விளிம்பு, பக்கம், மேல், கடைசியாக் கூரைப் பீலி. ஒவ்வொரு இடத்துக்கும் முழுசா அஞ்சு நிமிசம். சில ஒழுக்கு மூண்டு நாலு நிமிசம் எடுத்துத்தான் உள்ளுக்கு எட்டிப் பாக்கும். ஒரு இடம் பிடிபட்டால் அதை ரேப்பால மூடிப்போட்டு மேல தொடருங்கோ, அங்கயே நிப்பாட்டாதேங்கோ.

உங்கட இடது காலடிக்கு என்ர முதல் சந்தேகம் கண்ணாடி இல்லை, பற்றறித் தட்டு. மைனரில பற்றறி எஞ்சினுக்கும் காலடிக்கும் நடுவில நிக்கிற சுவரின்ர மேல்தட்டில இருக்கு. அம்பது அறுபது வருசமா அமிலம் சிந்திச் சிந்தி அந்தத் தகரத்தைத் தின்னும். பொனற்றின்ர பின் விளிம்பால வாற மழையெல்லாம் அதிலதான் தேங்குது. ஊசி முனையளவு ஓட்டை நாலு இருந்தால் ஒரு இரவில ஒரு வாளி தண்ணி உள்ளுக்கு வந்திடும். பற்றறியைத் தூக்கிப்போட்டு, இருட்டினாப்பிறகு காலடியில இருந்து மேல ரோச் அடியுங்கோ. எஞ்சின் பக்கம் நிண்டு பாக்கிறவருக்கு ஓட்டை நட்சத்திரம் மாதிரித் தெரியும். பற்றறி கழட்டேக்க கவனம்: மைனர் வந்தது பொசிற்றிவ் ஏர்த்தோட, அதாவது பற்றறியின்ர பொசிற்றிவ் முனைதான் வண்டி உடம்போட இணைச்சது. ஆரும் மாத்தாமல் இருந்தால் முதல் கழட்ட வேண்டிய ஏர்த் வயர் பொசிற்றிவ் பக்கத்தில இருக்கும்.

அதே சுவரில வயர்க்கட்டு, ஸ்பீடோ கேபிள், சோக் கேபிள் போற ஓட்டைகளின்ர சின்ன றபரையும் விரலால அழுத்திப் பாருங்கோ. கல்லு மாதிரி இருந்தால் மாத்துங்கோ. அந்தக் காசு பெரிசில்லை.

கோவை விண்டேஜ்

அண்ணன் சொன்ன வரிசைப்படியே போங்க. கண்ணாடியைப் பற்றி மட்டும் நான் சேர்த்துச் சொல்றேன், ஏன்னா வெளியே சிலிகான் பூசின கண்ணாடிதான் ஆளை ரொம்ப ஏமாத்தும்.

முன் கண்ணாடி ரப்பர்ல ரெண்டு காடி இருக்கு. ஒண்ணுல கண்ணாடி உட்காரும், இன்னொண்ணு பாடித் தகட்டோட உதட்டைக் கவ்வும். தண்ணி ரெண்டு வழியிலயும் வரலாம். கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவுல வந்தா டாஷ்போர்டு மேல சொட்டும், கண்ணுக்குத் தெரியும். ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவுல வந்தா அந்தக் காடிக்குள்ளயே ஓடி, கீழ் மூலைக்குப் போய், டாஷ்போர்டுக்குப் பின்னாடி இறங்கிக் காலடிக்கு வந்துடும். மேல் நடுவுல நுழையுற தண்ணி இடது கீழ் மூலையில சொட்டுறது சர்வ சாதாரணம். சொட்டுற இடத்தை வச்சு நுழையுற இடத்தைச் சொல்ல முடியாதுங்க.

ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க ஒரு வழி இருக்கு. கண்ணாடிக்கும் ரப்பருக்கும் உள்ள இடைவெளியைச் சுத்தி வெளியே அகலமான டேப் ஒட்டி மூடிடுங்க, ரப்பர்-தகடு பக்கத்தைத் திறந்தே விடுங்க. தண்ணி விட்டுப் பாருங்க. இன்னும் ஒழுகினா தகட்டுப் பக்கம். நின்னுட்டா கண்ணாடிப் பக்கம்.

சிலிகான் ஏன் உதவலைன்னா, அழுக்கும் மெழுகும் படிஞ்ச ரப்பர் மேல அது ஒட்டவே ஒட்டாது, தோல் மாதிரி மேல படிஞ்சு நிக்கும். ஓரத்துல ஒரு இடம் விட்டாலும் தண்ணி உள்ளே போய் வெளியே வர வழியில்லாம அங்கேயே நிக்கும், தகடு துரு புடிக்கும். வினிகர் வாசம் அடிக்கிற சிலிகானா இருந்தா இன்னும் மோசம். காயுறப்போ அதுல இருந்து அசிட்டிக் அமிலம் வரும், அது வெறுந்தகட்டை அரிக்கும். அது போக, சிலிகான் பட்ட இடத்துல பின்னாடி பெயிண்ட் நிக்காது, குழி குழியா விலகும். அதனால பிளாஸ்டிக் சீவுளியால சுரண்டி முழுசா எடுத்துடுங்க. பிளேடு வேண்டாம், ரப்பர் உதடு கிழிஞ்சுடும்.

ரப்பர் இன்னும் இளக்கமா இருந்தா, அதாவது நகத்தால அழுத்துனா குழி விழுந்து திரும்பி வந்தா, மாத்தத் தேவையில்லை. இறுகிப் போகாத மாஸ்டிக் வாங்குங்க. கண்ணாடி ரப்பருக்குன்னே டியூப்ல வரும், எத்தனை வருஷமானாலும் பசை மாதிரியே இருக்கும். ரப்பர் உதட்டை ஒரு பிளாஸ்டிக் ஆப்பு வச்சுத் தூக்கி, மூக்கு மெலிசான முனையை உள்ளே விட்டு, 3 மி.மீ. கனத்துக்கு விட்டுக்கிட்டே போங்க. கண்ணாடிப் பக்கம் ஒரு சுத்து, தகட்டுப் பக்கம் ஒரு சுத்து. உதட்டை அழுத்துனா பிதுங்கி வரணும், வராத இடத்துல காலி இருக்குன்னு அர்த்தம். பிதுங்கினதை டர்பன்டைன் தொட்ட துணியால லேசா துடைங்க. துணி ஈரமா இருந்தா போதும், ரப்பர்ல ஊத்தாதீங்க. பெட்ரோல், மண்ணெண்ணெய், கிரீஸ் எல்லாம் ரப்பரை ஊத வச்சுடும்.

ரப்பர் இறுகி வெடிச்சிருந்தா, இல்ல கீழ் மூலையில ரப்பருக்கு அடியில பெயிண்ட் கொப்பளிச்சிருந்தா, கண்ணாடியைக் கழட்டித்தான் ஆகணும். துரு புடிச்ச உதட்டு மேல எந்த மாஸ்டிக்கும் நிக்காது. கழட்டினதும் உதட்டைச் சுத்தி வெள்ளைத் தகடு வர்ற வரை தேய்ச்சு, ஓட்டை இருந்தா வெல்டிங், அப்புறம் எபாக்ஸி பிரைமர் ரெண்டு கோட், மேல பெயிண்ட். பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசுற பசை) வச்சு உதட்டை உருவாக்காதீங்க. ரப்பர் கவ்வுற அழுத்தத்துல பட்டி நொறுங்கும்.

திரும்ப மாட்டுறதுக்கு ரெண்டு பேர், வழவழப்பான 4 அல்லது 5 மி.மீ. நைலான் கயிறு, பாத்திரம் கழுவுற திரவம் கலந்த தண்ணி. ரப்பரை முதல்ல கண்ணாடிக்கு மாட்டி வெயில்ல அரை மணி நேரம் வைங்க, இளகும். தகட்டுக் காடியில கயிறைச் சுத்தி, ரெண்டு முனையும் கீழ் நடுவுல ஒரு சாண் ஒண்ணு மேல ஒண்ணா வர்ற மாதிரி விடுங்க. சோப்புத் தண்ணி தடவி, வெளியிலிருந்து ஒருத்தர் உள்ளங்கையால அழுத்தணும், உள்ளே இருக்கிறவர் கயிறைக் கண்ணாடிக்கு இணையா, நடுவை நோக்கி இழுக்கணும். கயிறைத் தன் பக்கம் நேரா இழுத்தா உதடு கிழியும். ஒரு மூலை முழுசா உட்கார்ந்த பிறகே அடுத்த மூலை. லாமினேட்டட் கண்ணாடின்னா மூலையில குத்தி அழுத்தாதீங்க, விரிசல் அங்கேதான் தொடங்கும்.

நீலமைனர்

ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. சோதனை செய்தாச்சு. கண்டது இது:

பற்றறித் தட்டின்ர பின் மூலையில ரோச் வெளிச்சத்துக்கு ஆறு புள்ளி தெரிஞ்சது. ரெண்டு புள்ளி ஸ்குறூட்றைவர் முனையால தொட்டவுடன பெரிசாப் போச்சு. ஒரு லீற்றர் தண்ணி ஊத்தினவுடன இடது பக்கப் பேப்பர் முழுக்க நனைஞ்சது. கண்ணாடி: ரேப் சோதனையில தகட்டுப் பக்கத்தால மெல்லிசா வருது, ஆனால் றபர் இளக்கமாத்தான் இருக்கு. ட்றைவர் பக்கம்: காபெற்றுக்குக் கீழ மாஸ்டர் சிலிண்டரின்ர மூடித் தகடு. நாலு ஸ்குறூ போடுற இடத்தில ரெண்டுதான் இருக்கு. பிறேக் ஒயில் கசிவு இல்லை.

இப்ப கேள்வி: மாரி முடியும் மட்டும் பற்றறித் தட்டுக்கு வெல்டிங் இல்லாமல் ஏதும் செய்யலாமோ? பின் சீற் மூலையும் டிக்கியும் இன்னும் பிடிபடேல்லை.

பழையரோடு

எம்-சீல் பிசைஞ்சு ஓட்டைல அடைச்சிடுங்க. காலடில ஆளுக்கு ஒரு 10 மி.மீ. ஓட்டை ட்ரில் போட்டுட்டா வந்த தண்ணியும் இறங்கிடும். உள்ளே தார் ஷீட் ஒட்டிட்டா முடிஞ்சது வேலை.

தகரக்கை (வவுனியா)

பழையரோடு ஐயா, கோபிக்காதேங்கோ, நிலத்தில ஓட்டை போடுறதை மட்டும் செய்ய விடமாட்டன். மைனருக்குத் தனிச் சட்டம் இல்லை, உடம்பேதான் சட்டம். ஓட்டை விளிம்பில பெயின்ற் நிக்காது, அங்க இருந்து துரு வட்டமாப் பரவும். வெள்ளம் நிக்கிற றோட்டில அதே ஓட்டையால தண்ணி மேல ஏறும். தார்ச் சீற் ஈரத் தகரத்தில ஒட்டினால் ஈரத்தை உள்ளுக்கு வைச்சு மூடினது மாதிரி. ரெண்டு மாரியில தகரம் சல்லடை. வந்த தண்ணியை இறக்க வேணுமெண்டால் நிலத்தில ஏற்கெனவே இருக்கிற றபர் அடைப்பானைக் கழட்டுங்கோ, காஞ்சாப்பிறகு திருப்பிப் போடுங்கோ.

எம்-சீல் பிழை எண்டில்லை, ஆனால் அது கல்லாக் காயும். வண்டி ஓடேக்க அந்தச் சுவர் அதிரும், எஞ்சின் சூடும் இருக்கு. சுத்தம் செய்யாத தகரத்தில கொஞ்ச நாளில கீறல் விட்டுக் கழண்டு வரும்.

தம்பி, தட்டுக்குச் செய்ய வேண்டியது. முதல் அமிலத்தைக் கொல்ல வேணும். அரை லீற்றர் தண்ணியில ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைச்சு ஊத்துங்கோ. நுரை வரும். நுரை நிக்கும் மட்டும் திருப்பித் திருப்பி ஊத்தி, பிறகு வெறுந் தண்ணியால அலசிக் காய விடுங்கோ. இதை விட்டுப்போட்டு மேல பெயின்ற் அடிச்சால் கீழ அமிலம் தன்ர வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கம்பித் தூரிகையால துருவை எடுத்து, சின்னச் சுத்தியலால தட்டிப் பாருங்கோ. நல்ல தகரம் கணீரெண்டு சொல்லும், தின்னுப்பட்டது பொத்தெண்டு சொல்லும். பொத்தெண்டு சொல்லுற இடத்தின்ர எல்லையைச் சோக்கால கீறுங்கோ. தொட்டவுடன ரெண்டு புள்ளி பெரிசானது எண்டு நீங்களே சொல்லுறியள். அந்த எல்லை உள்ளங்கையளவு வரும் எண்டு நினைக்கிறன்.

இந்த மாரியைத் தாண்ட: துரு மாற்றி (துருவைக் கறுப்புப் பூச்சா மாத்துற திரவம்) பூசி, அது கறுத்துக் காஞ்சாப்பிறகு எபொக்சி பிறைமர், அதுக்கு மேல 1 மி.மீ. அலுமினியத் தகடோ தடிச்ச பிளாஸ்ரிக்கோ, சோக் எல்லையை விட ரெண்டு விரல் கூட வெட்டி, பியூட்டைல் பட்டியில (பிசுபிசுப்பான றபர் ஒட்டுப்பட்டி) பதிச்சு அழுத்துங்கோ. பியூட்டைல் இறுகாது, அதிர்வுக்கு விட்டுக்குடுக்கும், பிறகு சுத்தமாக் கழட்டலாம். அதுக்கு மேல பிளாஸ்ரிக் தட்டு ஒண்டை வைச்சுப் பற்றறியை இருத்துங்கோ.

தை பிறந்தாப்பிறகு வெட்டி எடுத்து 1 மி.மீ. இரும்புத் தகடு வெல்ட் பண்ணுங்கோ. விளிம்போட விளிம்பு சேர்த்து அடிக்கிறது நல்லது. தகட்டை மேல போட்டு ஒட்டினால் நடுவில தண்ணி தங்கும். உள்ளுக்கு வயர்க்கட்டு அந்தத் தகட்டுக்குக் கிட்டத்தான் ஓடுது, முதல் அதை இழுத்துக் கட்டி ஈரச் சாக்கால மூடுங்கோ. வெல்ட் முடிஞ்சால் மேலயும் கீழயும் பிறைமர், பொருத்துகளுக்குப் பொலியூரதீன் சீலர், பிறகு பெயின்ற்.

மாஸ்டர் சிலிண்டர் மூடிக்கு: தகட்டையும் அது இருக்கிற விளிம்பையும் சுரண்டித் துடைச்சு, 3 மி.மீ. பியூட்டைல் பட்டியைச் சுத்தி வைச்சு, நாலு ஸ்குறூவும் போட்டு இறுக்குங்கோ. சிலிக்கனால ஒட்டிப்போடாதேங்கோ, பிறேக் ஒயில் பாக்க அந்த மூடியைத்தான் திறக்க வேணும். திறக்கக் கஷ்டமெண்டால் ஆக்கள் பாக்கிறதையே விட்டிடுவினம், அது உயிருக்கு வினை. அந்தப் பக்கத்தில இன்னும் ரெண்டு வாசல் இருக்கு. கிளட்ச், பிறேக் பெடல் தண்டு நிலத்துக்குள்ளால போற ஓட்டையின்ர றபர் கிழிஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ. மற்றது கியர்பொக்ஸ் மூடி. அது ஸ்குறூவால பூட்டின தனித் தகடு. ஆரும் கிளட்ச் வேலைக்குக் கழட்டினவை சீல் வைக்காமல் பூட்டியிருப்பினம். மூடின கலம் உள்ள 5 மி.மீ. ஃபோம் பட்டி போடுங்கோ. மெத்தைக் கடற்பஞ்சு மாதிரி ஃபோம் தண்ணியைக் குடிச்சு வைச்சிருக்கும், அது கூடாது.

ஈஸ்ற்ஹாம் வாசி (லண்டன்)

பின்பக்கத்துக்கு நான் சொல்லுறன்.

சீற் மூலை ஈரத்துக்கு ரெண்டு வழி. பின் கதவு ஒண்டு. கதவுக்குள்ள தண்ணி போறது பிழை இல்லை, கண்ணாடி இறங்கிற இடுக்கால எப்பவும் போகும், அப்பிடித்தான் வடிவமைச்சது. கீழ் விளிம்பில இருக்கிற வடிகால் துளைகளால அது வெளியில போக வேணும். துளை மண்ணாலயோ பெயின்றாலயோ அடைபட்டால் கதவு வாளியா மாறும், கதவைத் திறந்து மூடேக்க உள்ளுக்குச் சலசலப்புக் கேக்கும். சைக்கிள் கம்பி ஒண்டால குத்தி விடுங்கோ.

கதவு மட்டையைக் கழட்டினால் பின்னால ஒரு மெழுகுத்தாளோ பொலித்தீனோ இருக்க வேணும். அனேகமா இருக்காது, ஆரோ கிழிச்செறிஞ்சிருப்பினம். தடிச்ச பொலித்தீனை வெட்டிப் பியூட்டைல் பட்டியால ஒட்டுங்கோ. இதில எல்லாரும் விடுற பிழை: கீழ் விளிம்பை மட்டைப் பக்கம் தொங்க விடுறது. அப்ப பொலித்தீனில வழியிற தண்ணி நேரா மட்டைக்கும் நிலத்துக்கும் வரும். கீழ் விளிம்பைக் கதவின்ர உட்தகட்டு வாய்க்குள்ள செருகி விட வேணும், தண்ணி திரும்பக் கதவுக்குள்ளயே விழும்.

கதவுச் சுத்து றபருக்கு ஒரு தாள் துண்டு காணும். கதவை மூடி, தாளை இழுங்கோ, ஒரு சாணுக்கு ஒரு இடம். இறுக்கிப் பிடிச்சால் நல்லது, சும்மா வந்தால் அங்க இடைவெளி. ஆனால் றபரைக் குற்றம் சொல்ல முதல் கதவைத் திறந்து கைபிடியில மேல தூக்கிப் பாருங்கோ. ஆடினால் பிணைச்சல் தேஞ்சு கதவு தொங்கியிருக்கு, புது றபர் போட்டும் பிரயோசனமில்லை. முதல் பிணைச்சல், பிறகு பூட்டுக் கொளுவியைச் சரிப்படுத்திறது, கடைசியா றபர். தடிப்பான றபரை வாங்கிப் போட்டு, கதவு மூடாமல் முழங்காலால தள்ளி வளைக்கிற ஆக்களும் இருக்கினம். அதுக்குப் பிறகு அந்தக் கதவு எந்த றபருக்கும் சரிவராது. களிமண் உருண்டையை விளிம்பில வைச்சு மெதுவாக் கதவை மூடித் திறந்தால் இடைவெளி எத்தினை மி.மீ. எண்டு தெரியும். அதை விட 2, 3 மி.மீ. தடிப்பான, மெதுவான றபர் எடுங்கோ.

மற்ற வழி பின் மட்காட். மைனரில அது போல்ற்றால பூட்டினது, உடம்புக்கும் அதுக்கும் நடுவில ஒரு பீடிங் (பொருத்தை மூடுற மெல்லிய பட்டி) ஓடும். சில்லு அடிக்கிற சேறு அந்தப் பொருத்தில தங்கி உள் வளைவைத் தின்னும். சீற்றைத் தூக்கி, சில்லு வளைவும் நிலமும் சேருற பொருத்தைக் கம்பித் தூரிகையால சுரண்டுங்கோ. சில்லுப் பக்கத்தால ஹோஸ் பிடிச்சால் உடன தெரியும்.

டிக்கி. மூடி றபரில சோக்கைத் தடவி, மூடியை ஒருக்கா அழுத்தி மூடித் திறவுங்கோ. மூடியில கோடு விழாத இடம் றபர் தொடாத இடம். பின் சீற் சாய்மானத்தைக் கழட்டினால் உள்ளுக்குள்ளால பாத்துக்கொண்டு தண்ணி விடலாம், ஆரும் டிக்கிக்குள்ள ஏறிப் படுக்க வேண்டாம். பின் லாம்புகளின்ர அடி றபரையும் பாருங்கோ.

டாங்கியைச் சுத்தி இருக்கிற மண் நிறக் கறை மழை இல்லை எண்டுதான் படுது. டாங்கியின்ர விளிம்பு டிக்கித் தளத்தில ஸ்குறூவால இறுக்கினது. அந்தச் சீல் போனால் கீழ இருந்து றோட்டுத் தண்ணி ஏறும், சேற்றின்ர நிறம் அதுதான். பெற்றோலை இறக்கி, பற்றறியைக் கழட்டி, காத்தோட்டமான இடத்தில வைச்சு ஸ்குறூக்களைக் கழட்டிப் புதுச் சீல் போடுங்கோ. சீல் பெற்றோல் தாங்கிற வகையா இருக்க வேணும், சாதாரண றபர் ஊதிப்போகும். பின்பக்கம் வெல்டிங் ஏதும் இருந்தால் டாங்கி வண்டியில இருக்கவே கூடாது.

வேற மைனர் வைச்சிருக்கிற ஆக்களுக்கு ரெண்டு சொல். 1961க்கு முந்தின வண்டியில கை நீட்டுற சிக்னல் பெட்டி நடுத்தூணில இருக்கும், அந்த வாயால போற தண்ணி தூணுக்குள்ளால இறங்கி நிலத்துக்கு வரும். றவலர் (மரச் சட்டம் வைச்ச எஸ்ரேற் மைனர்) வண்டியில பின் பக்கத் தள்ளுக் கண்ணாடி ஓடுற மரக் காடியில வடிகால் துளை இருக்கு. அது அடைபட்டால் தண்ணி நிண்டு ஆஷ் மரச் சட்டத்தையே உக்க வைக்கும், அந்தச் சட்டம் வண்டியின்ர உடம்பைத் தாங்கிற சட்டம்.

றபர் செற்றாய் வாங்காதேங்கோ. நீங்கள் கண்டதின்படி இப்ப வேண்டியது பெடல் றபர், வயர் றபர், வைப்பர் தண்டு றபர், கொஞ்சம் மாஸ்டிக், பியூட்டைல் பட்டி. கண்ணாடி றபர் இளக்கமெண்டால் அது இருக்கட்டும்.

நீலமைனர்

கதவைத் தூக்கிப் பாத்தன், ஆடேல்லை. இடது பின் கதவின்ர வடிகால் மூண்டும் பெயின்றால அடைபட்டிருந்தது. கம்பியால குத்தினவுடன அரைக் கோப்பை சேத்துத் தண்ணி வந்தது. உள்ளுக்குப் பொலித்தீன் இல்லை. சில்லு வளைவுப் பொருத்து நல்லா இருக்கு. இனிக் காபெற்றை எப்ப போடலாம்? அடிச் சணல் விரிப்பு மணக்குது.

கோவை விண்டேஜ்

அந்த சணலைத் தூக்கிப் போட்டுடுங்க. வெயில்ல மேல் பக்கம் காஞ்ச மாதிரி இருக்கும், நடுவுல ஈரம் வாரக்கணக்கா நிக்கும், பூஞ்சை வாசம் போகவே போகாது. காபெட்டை மட்டும் சோப்புத் தண்ணியில அலசி நிழல்ல தொங்க விடுங்க.

தளத்தைப் பாருங்க. தார் மாதிரி கறுப்புப் பூச்சு இருந்தா அதோட ஓரத்தைச் சீவுளியால நெம்புங்க. சுலபமா தூக்கிட்டு வந்தா அடியில துரு இருக்கு, அந்தப் பகுதியை முழுசா எடுக்கணும். கெட்டியா இருந்தா தொடாதீங்க. மேல் துருவைத் தேய்ச்சு, துரு மாற்றி, எபாக்ஸி பிரைமர் ரெண்டு கோட், பொருத்துகளுக்கு சீலர். தகடு சுத்தமா காஞ்சிருக்கணும். ஒரு சதுர அடி பொலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ராத்திரி முழுக்க விடுங்க. காலைல உள்பக்கம் வியர்த்திருந்தா, பொருத்துக்குள்ள இன்னும் ஈரம் நிக்குது, பிரைமர் அடிக்காதீங்க.

சரி பண்ணி முடிச்சதும் உடனே காபெட் போடாதீங்க. வெறுந்தளத்துல பேப்பர் விரிச்சு ரெண்டு மூணு நல்ல மழையும் ஒரு வெள்ள ரோட்டு ஓட்டமும் பார்த்துடுங்க. பேப்பர் காஞ்சே இருந்தா அப்புறம் காபெட். அடிவிரிப்புக்குப் புதுசா சணல் வேண்டாம், தண்ணி குடிக்காத மூடின கல ஃபோம் ஷீட் 6 மி.மீ. வாங்கி, ஒட்டாம சும்மா விரிங்க. மாதம் ஒரு தடவை மூலையைத் தூக்கிக் கைய வச்சுப் பார்க்க முடியணும்.

நீலமைனர்

பொலித்தீன் இண்டைக்கு இரவு ஒட்டுறன். தட்டுக்குச் சோடா ஊத்தியாச்சு, மூண்டாம் தரம்தான் நுரை நிண்டது.

தகரக்கை (வவுனியா)

நல்லது. பற்றறிப் பிடிகட்டையின்ர போல்ற் ரெண்டையும் அதே சோடாத் தண்ணியில போட்டு எடுங்கோ. அதில இருக்கிற அமிலம் திருப்பித் தட்டுக்குத்தான் வடியும்.